ஈய வில்லை

வெள்ளிக்கிழமை, கேள்வி நாள்.
லூயிஸ் தீவின் காற்று
ஆலயக் கூரையைப் பெயர்க்கப் பார்த்துக்கொண்டிருந்தது.
தெரிந்துகொள்ளப்பட்டவனுக்கு அடையாளம் என்ன?
ஆண்கள் ஒவ்வொருவராக எழுந்து பேசினார்கள்.
என் கணவர் டோர்க்கில்
தொப்பியை முழங்காலில் கவிழ்த்து
விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார்,
முப்பத்தோராவது வருடமாக.

சனிக்கிழமை ஈய வில்லைகள் கொடுப்பார்கள்.
கட்டைவிரல் நகத்தின் அகலம்.
ஒரு பக்கம் ஊர்ப்பெயர், மறுபக்கம் வசன எண்.
அது கையில் இருந்தால்தான் ஞாயிறன்று
வெள்ளை விரிப்பிட்ட நீள மேசைக்குப் போகலாம்.
அவர் ஒருபோதும் கேட்டதில்லை.
"உலகத்தோற்றத்துக்கு முன்னே எழுதி முடித்த பட்டியலில்
நான் போய் என் பெயரைக் கிறுக்குவதா, டோலினா?"

அன்றிரவு என் தங்கை கணவன் மாக்னஸ் வந்திருந்தான்.
ஷெட்லாந்துக்காரன், மெதடிஸ்ட்,
கஞ்சி ஆறுமுன் வாதத்தைச் சூடாக்குகிறவன்.
"அண்ணா, படகு கவிழ்ந்த அன்று
கரையிலிருந்து கயிறு வீசினார்கள்.
சரி, அது கிருபை.
பிடித்தது யார்?"
"நான் பிடிக்கவில்லை.
விரல்கள் விறைத்துத் தாமே பூட்டிக்கொண்டன.
பிணத்தின் கை கயிற்றில் சிக்கினாலும்
இழுத்தால் வரும்."
"மற்ற நால்வர் கையில் ஏன் சிக்கவில்லை?"
"ரோரி ஒற்றைக் கையால் நங்கூரம் தூக்குவான், மாக்னஸ்.
அவன் கைக்கு என்ன குறை?
அதைத்தான் நானும் கேட்கிறேன்."

அதற்குப்பின் இருவரும் பேசவில்லை.
அடுப்பில் கரிமண் கட்டி ஒன்று உட்கார்ந்தது.
மேசைக்கடியில் பூனை
தன் குட்டிகளை மழை ஒழுகும் மூலையிலிருந்து மாற்றிக்கொண்டிருந்தது.
ஒன்று துவண்டு தொங்கியது, துணி மாதிரி.
இன்னொன்று வழியெல்லாம் கத்திக் காலை உதைத்தது.
இரண்டும் அதே பெட்டிக்குத்தான் போய்ச்சேர்ந்தன.
நான் பார்த்தேன், அவர்கள் பார்க்கவில்லை.

என்னை யாரும் கேட்கவுமில்லை.
அந்தப் பூட்டிய விரல்களை
வெதுவெதுப்பான பாலில் நனைத்து நனைத்துத் திறந்தவள் நான்.
சுட்டுவிரல் முதலில் விட்டது.
சுண்டுவிரல் விடியும்வரை விடவில்லை.
உள்ளங்கையில் தோல் இல்லை.
அதெல்லாம் விறைப்பின் வேலை என்றே வைத்துக்கொள்ளலாம்.
ஆனால் வாயைத் திறந்து சாராயம் ஊற்றினபோது
கடைவாய்ப் பல்லிடுக்கில்
சணல் நார்.
கயிற்றைக் கடித்திருக்கிறார்.
ஊசியால் அதை நெம்பி எடுத்து
அடுப்பில் போட்டேன், சொல்லவில்லை.
சொன்னால் கேட்பார்:
அந்தக் கடியை என் தாடைக்குக் கொடுத்தது யார்?
எனக்கு அதற்குப் பதில் இல்லை.
இன்றும் இல்லை.

சனிக்கிழமை மூப்பரிடம் போய்
நான் வில்லை கேட்டேன்.
ஏன் என்று கேட்டார்.
பசிக்கிறது என்றேன்.
நெடுநேரம் என்னைப் பார்த்துவிட்டுக் கொடுத்தார்.
ஞாயிறன்று சங்கீதம் முடிவதற்குள் எழுந்துவிட்டேன்.
டோர்க்கில் முழங்காலை ஒதுக்கி வழிவிட்டார்,
யாரோ ஒருத்திக்கு விடுவதுபோல.

இரவு, விளக்கை அணைத்தபின் கேட்டார்:
"நீயாகப் போனாயா,
அழைத்துக்கொண்டு போனார்களா?"
"காலுறை நழுவியிருந்தது.
இழுத்துவிட்டுக்கொண்டு நடந்தேன்.
அவ்வளவுதான் நினைவிருக்கிறது."
"வில்லை எங்கே?"
"மேசையில் வாங்கிக்கொண்டார்கள்.
காட்ட என்னிடம் ஒன்றுமில்லை."

அவர் என் கையைத் தேடி எடுத்து
வெறும் உள்ளங்கையை முகர்ந்தார்.
வெளியே அலை கல்லை உருட்டுவது கேட்டது.
அப்போதுதான் சணல் நாரைச் சொன்னேன்,
ஊசியை, எந்தப் பல் என்பதை,
அடுப்பில் அது சுருண்டு எரிந்ததை.

வெகுநேரம் பதில் வரவில்லை.
தூங்கிவிட்டார் என்று நினைத்துக்
கன்னத்தில் கைவைத்தேன்.
உள்ளே அவர் நாக்கு
பல் பல்லாகத் தடவிக்கொண்டு
மெதுவாகப்
பின்னால் போய்க்கொண்டிருந்தது.