மண்ணோடு ஐந்து கிலோ

கேத்தி பாலாடாவில் கேரட் கழுவும் மெஷின்
விடியக்காலை மூன்று மணிக்கே உருளத் தொடங்கிவிடும்.
வாய்ப்பக்கம் மார்த்தாள், விழும் பக்கம் நான்.
உடைந்தது ஒரு கூடை, கோணல் ஒரு கூடை,
நேரானதெல்லாம் மேட்டுப்பாளையம் மண்டிக்கு.

மேடம் கோணலைத்தான் கேட்பார்.
கழுவாததை. மண்ணோடு.
சத்தெல்லாம் மண்ணில்தான் என்பார்.
போஜன் தோட்டத்து மண் அது.
போன வாரம் அவர் என்ன மருந்து அடித்தார் என்று
மேடம் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

என் உதட்டை முதலில் பார்த்தது அவர்தான்.
"ஏம்மா இப்படி வெளுத்துக் கிடக்கறே?
வா ஒரு நாள். பார்க்கறதுக்குக் காசு வேண்டாம்."

லவ்டேல் போகும் வழியில் பச்சைத் தகரக் கூரை.
சுவரில் சட்டம் போட்ட சான்றிதழ் மூன்று.
ஆறு வாரப் படிப்பு ஒன்று, எட்டு வாரம் ஒன்று,
மூன்றாவதை எழுத்துக் கூட்டுவதற்குள் டீ வந்தது.
வெள்ளை டீயாம்.
டம்ளர் கழுவிய வெந்நீர் மாதிரி இருந்தது.

நாற்பது நிமிஷம்.
எப்போது தூங்குகிறாய், எந்தப் பக்கம் படுக்கிறாய்,
யாரை நினைத்தால் வயிறு இறுகுகிறது.
மூன்றாம் மாதத்தில் கலைந்துபோனதை
வீட்டுக்காரரிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை.
அவரிடம் சொன்னேன்.
கண் துடைக்கும் காகிதப் பெட்டி
கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது,
நான் வருவதற்கு முன்பிருந்தே.

பிறகு எழுந்து நிற்கச் சொன்னார்.
இடது கையில் ஒரு குப்பி. வலது கையை நீட்ட வேண்டும்.
மணிக்கட்டில் இரண்டு விரலால் அழுத்துவார்.
கை தாழ்ந்தால் அந்தச் சத்து எனக்குக் குறைவு.
உடம்பு பொய் சொல்லாது என்றார்.

எட்டு வருஷமாய் மூட்டை சரிக்கிற கை.
துத்தநாகத்துக்குத் தாழவில்லை.
மெக்னீசியத்துக்கும் இல்லை.
இரண்டு விரல் நாலாகி, நாலு உள்ளங்கையாகி,
அந்தக் குளிரிலும்
அவர் நெற்றி லேசாக வேர்த்தது.
பாவமாக இருந்தது.
அவ்வளவு நேரம் கேட்டவர்.
அடுத்த குப்பிக்கு
நானே கொஞ்சம் தாழ்த்தினேன்.

"பார்த்தியா!" என்றார்.

அதன் பிறகு எல்லாவற்றுக்கும் தாழ்த்த வேண்டியதாயிற்று.
நாலு குப்பி. நாலாயிரத்து இருநூறு,
எனக்கென்பதால் மூவாயிரம்.
நாக்குக்கு அடியில் பத்துச் சொட்டு,
அமாவாசையன்று மட்டும் வேண்டாம்.

மார்த்தாள் ஒன்றைத் திறந்து மோந்தாள்.
"வெறும் தண்ணிடி. நம்ம தொட்டித் தண்ணியிலயாவது
கேரட் வாசம் வரும்."
ஊட்டி பெரியாஸ்பத்திரிக்கு
இழுத்துப் போனதும் அவள்தான்.
மூன்று மணி நேரம் வரிசை.
டாக்டர் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார்,
முகத்தைப் பார்க்கவில்லை.
ரத்தம் ஏழு புள்ளி இரண்டு. இரும்பு மாத்திரை.
கலைந்ததைச் சொல்ல வாய் திறந்தேன்,
ஸ்டூலில் அடுத்தவள் பாதி உட்கார்ந்துவிட்டாள்.

மருந்து ஜன்னலில் ஹெப்சிபா சிஸ்டர்
சீட்டைப் பார்த்தபடியே சொன்னார்:
மாத்திரை போட்டால் உடனே டீ குடிக்காதே.
இந்த ஊரில் இருந்துகொண்டா, என்று மார்த்தாள் சிரித்தாள்.
கறுப்பாகப் போகும், பயப்படாதே.
கறுப்பாகத்தான் போனது.
எனக்குச் சொல்லப்பட்டதில்
சொன்னபடி நடந்தது அது ஒன்றுதான், முதல் வாரத்தில்.

மூன்று மாதத்தில் பத்து புள்ளி எட்டு.

செவ்வாய்க்கிழமை மேடம் வந்தார்.
"கன்னத்துல நிறம் வந்திருக்கே! சொட்டு பேசுது பார்."
மூடி திறக்காத மூன்றும், மோந்து மூடிய ஒன்றும்
பரணில், எலி மருந்துக்குப் பக்கத்தில்.
சொல்லியிருக்கலாம்.
அதற்குள் கேட்டுவிட்டார்,
"இப்போ தூக்கம் வருதா?"
அதுவரை வேறு யாரும் கேட்டிருக்கவில்லை.

வருது மேடம் என்றேன்.
கோணலாய்ப் பொறுக்கித் தட்டில் வைத்தேன்.
ஐந்து கிலோ என்று சிவப்பில் காட்டியது.
முந்நூறு கிராமாவது மண் இருக்கும்.
அதற்கும் சேர்த்துத்தான் காசு வாங்கினேன்.