சரவிளக்கின் உயரம்

வியாழக்கிழமை, பதினொரு மணிச் சுற்று, இரண்டு பேர்.
அடையாள அட்டை கட்டாயம். நகல் செல்லாது.
கொட்டாவியை அடக்கிக்கொண்டு ஒரு பெண்
தொலைபேசியில் ஒப்பிக்கிறாள்.
"அடித்தளமும் சேர்த்தா, மொட்டைமாடியும் சேர்த்தா?"
எனக்கு வேண்டிய இடம் இரண்டுக்கும் நடுவில்
என்று சொல்ல வாயெடுத்து,
"சாதாரணச் சுற்றே போதும்" என்றேன்.

புக்காரெஸ்டில் ஐம்பத்தெட்டு வருடம்.
நாடாளுமன்ற மாளிகைக்குள் ஒருதரம் போனதில்லை.
டிராம் அந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம்
கைப்பைக்குள் குனிந்துவிடுவேன்.
நாற்பது வருடமாக அந்த வளைவில்
என் சாவி தொலைந்துகொண்டே இருக்கிறது.

இந்தமுறை தூரினிலிருந்து திபேரியு வருகிறான்.
என் தம்பி, நில அளவையாளன்,
பாலங்களுக்குக் கால் ஊன்ற இடம் குறித்துத் தருபவன்.
மூன்று வாரமாகப் படம் படமாக அனுப்புகிறான்:
பழைய நகர வரைபடம், அதன்மேல்
இன்றைய கட்டடத்தின் வெளிக்கோடு.
பிடித்துக்கொள்ள ஒரு புள்ளி வேண்டுமாம், அசையாத புள்ளி.
தெரு இல்லை.
தேவாலயம் இருக்கிறது, ஆனால்
தண்டவாளம் போட்டு அதை நகர்த்திவிட்டார்கள்.
ஆற்றைக்கூட நிமிர்த்திவிட்டார்கள்.
கடைசியில் ஒரு சாக்கடை மூடி அகப்பட்டது,
வார்ப்பிரும்பு, பழைய எழுத்து.
அதன் காலில் விழாத குறையாக
அங்கிருந்து அளக்கத் தொடங்கினான்.

நேற்றிரவு அழைப்பு.
"வெத்தூரியா, சமையலறை கிடைத்துவிட்டது."
திருட்டுப்போன சைக்கிளை மீட்ட போலீஸ்காரனின் குரல்.
"வடக்குப் பக்கம், பெரிய கூடம்.
நுழைந்ததும் இடது கை, மூன்றாவது தூண்."
மின்கட்டண உறையின் பின்னால் எழுதினேன்:
இடது. மூன்று.
"ஆனால் தரையில் தேடாதே."

குன்றைச் சீவித்தானே கட்டினார்கள் என்றான்.
நம் தரை இப்போது அங்கே தரையாக இல்லை.
தூணின் அடியிலிருந்து பதினோரு மீட்டர் மேலே,
கணக்கு ஒரு மீட்டர் முன்பின் இருக்கலாம்.
சரவிளக்கு தொங்குகிற மட்டம்.

அப்புறம் இருவரும் பேசவில்லை.
தூரினில் யாரோ தட்டுக் கழுவினார்கள்.

விளக்குக்குள் எங்கள் அடுப்பு.
கண்ணாடித் தொங்கல்களுக்கு ஊடே
அம்மாவின் வெங்காயப் பலகை,
ஒரு கால் குட்டையான மேசை,
குட்டைக் காலுக்கு அடியில் மடித்த செய்தித்தாள்.
மேசைக்குக் கீழே க்ரிவாத்.
நான்காம் மாடி ஒதுக்கீட்டு வீட்டுக்கு
நாயைக் கூட்டிப்போகவில்லை நாங்கள்.
லாரி கிளம்பியபோது பின்னால் ஓடிவந்தது.
இதை நானும் திபேரியுவும்
ஒருநாளும் பேசியதில்லை.
அது அங்கேயேதான் இருக்கிறது போல,
பதினோரு மீட்டர் உயரத்தில் காதைச் சொறிந்துகொண்டு.

வழிகாட்டி எண்களாகச் சொல்வாள்:
இத்தனை டன் பளிங்கு, இத்தனை அறை.
இத்தனை வீடு என்று சொல்வாளா?
கேட்கக் கூடாது என்று வைத்திருக்கிறேன்.
கேட்பேன் என்று திபேரியு ஒரு காபி பந்தயம்.

பளிங்கில் வழுக்காத செருப்பு. சரி.
அட்டை. சரி. அதில் பிறந்த இடம்
புக்காரெஸ்ட் என்று மட்டும்தான்,
எத்தனை மீட்டர் உயரத்தில் என்று இல்லை.
எழுத்துக் கண்ணாடி வேண்டாம், தூரக் கண்ணாடி.
கழுத்தெலும்பு தேய்ந்திருக்கிறது,
அண்ணாந்து பார்க்காதீர்கள் என்று
எழுதியே கொடுத்திருக்கிறார் டாக்டர்.
தம்பி பின்கழுத்தைத் தாங்கிக்கொள்ளட்டும்.
அளவெடுக்கிற கை, நடுங்காது.

இன்று காலை மறுபடி அழைத்தேன். அதே பெண்.
"அந்தக் கூடத்தில் விளக்கு எரியுமா?"
"சுற்று உள்ளே வரும்போது போடுவோம்.
நாலைந்து நிமிடம். போனதும் அணைத்துவிடுவோம்."
கொஞ்சம் தயங்கி, "பரவாயில்லையா, அம்மா?"

பரவாயில்லை என்றேன்.
அந்தக் காலத்தில்
சாப்பாட்டு நேரத்துக்கு
எங்களுக்கு அவ்வளவுகூடக் கரண்ட் வந்ததில்லை.