காற்றுக்குக் காசு இல்லை

ஞாயிறு காலை ஏழு மணிக்கு
பொகோட்டாவில் கார்களை ஓரங்கட்டிவிடுவார்கள்.
பூங்காவின் கிழக்கு வாசலில்
பம்பை ஊன்றுவேன்.
ஒரு வாளித் தண்ணீர், பசை, உப்புத்தாள்,
அட்டையில் என் கோணல் எழுத்து:
பஞ்சருக்கு மூவாயிரம் பேசோ.
காற்றுக்குக் காசு இல்லை.

கடலிலிருந்து இரண்டரைக் கிலோமீட்டர் மேலே இருக்கிறது ஊர்.
வெளியூர்க்காரர்கள்
பெட்டியை இறக்கி வைப்பதற்குள் மூச்சு வாங்குவார்கள்.
மனிதருக்கே பற்றாத காற்றை
ட்யூபில் அடைத்துக் கொடுக்கிறேன்
பதினோரு வருடமாக.

வருகிறவர்களின் முகம் நினைவிருக்காது.
வால்வு நினைவிருக்கும்.
மூடி தொலைந்த வால்வு பேக்கரிப் பையனுடையது.
துடைத்துத் துடைத்துப் பளபளக்கும் வால்வு
ஏதோ அலுவலகத்துக் குமாஸ்தா,
பேர் தெரியாது.

ஒர்லிந்தா வந்தது இரட்டைச் சைக்கிளில்.
முன்னால் மிதிக்க ஒரு கல்லூரிப் பையன்,
பின்னால் அவள்,
மடக்கிய வெள்ளைக்கோல் முதுகுப்பையில்.
இறங்கும் முன்பே சொன்னாள்:
"பின்சக்கரம் கசிகிறது."
இல்லை என்றான் பையன்.
அழுத்திப் பார்த்தேன், கல்லு மாதிரி இருந்தது,
நானும் இல்லை என்றேன்.
உருவி வாளியில் முக்கினேன்.
ஒரு குமிழியும் இல்லை.

கொடு என்று வாங்கி
ஈர ட்யூபைக் கன்னத்தோரம் மெல்லச் சுற்றினாள்,
பாதிச் சுற்றில் நிறுத்தி
விரல் வைத்தாள்.
அந்த இடத்தை மட்டும் முக்கிப்
பார்த்துக்கொண்டே இருந்தேன்.
கடுகளவு ஒன்று
வருவதா வேண்டாமா என்று யோசித்து
வந்தது.

வெட்கத்தில் காசு வேண்டாம் என்றேன்.
"காற்றுக்குத்தானே இல்லை? இது ஒட்டு" என்று
நோட்டுகளைத் தடவி எண்ணிக் கொடுத்தாள்.

மார்ச்சில் ஒரு ஞாயிறு
பையனுக்குப் பரீட்சை.
சங்கத்து ஆள் சைக்கிளை வாசலில் நிறுத்திவிட்டுப் போனான்.
"நீ முன்னால் உட்கார்" என்றாள் ஒர்லிந்தா.
கடை?
மாங்காய்க்கு உப்பும் எலுமிச்சையும் பிழிந்துகொண்டிருந்த எலியேசர்
"நான் பார்த்துக்கொள்கிறேன், போ" என்றான்,
யாரும் அவனைக் கேட்கவில்லை.

அந்த வாசலுக்கு உள்ளே
கழிப்பறை வரைக்கும்தான் நான் போயிருந்தேன்.

முதல் திருப்பம் தாண்டியதும்
"என்ன தெரிகிறது, சொல்" என்றாள்.
சொன்னேன்:
முன்னால் போகிற சிவப்புச் சைக்கிளில் பின்சக்கரம் கோட்டம்.
வலப்பக்கம் ஒரு தள்ளுவண்டி, குழந்தை தூங்குகிறது,
இடது டயர் தேய்ந்துவிட்டது.
எதிரே வருகிற ஆளுக்குக் காற்றுக் குறைவு.

அவள் சிரித்த சிரிப்பில் ஹேண்டில் ஆடியது.
"சக்கரத்துக்கு மேலே ஒன்றுமே இல்லையா, பெண்ணே?"

நிமிர்ந்தேன்.
யூகலிப்டஸ், என்றேன்.
"அது மூக்குக்கு முதலிலேயே வந்துவிட்டது. வேறு?"

ஏரியில் ஒரு மிதிபடகு.
உள்ளே ஒரு ஜோடி சண்டை.
அவன் முன்னால் மிதிக்க அவள் பின்னால் மிதிக்க
படகு நின்ற இடத்திலேயே சுற்றுகிறது.
மரத்தில் மாட்டிய பட்டம்.
கீழே ஐந்து பேர் அண்ணாந்து நிற்கிறார்கள்,
ஒருவன் செருப்பைக் கழற்றி வீசுகிறான்,
செருப்பும் மாட்டிக்கொண்டது.
"எந்தக் கால் செருப்பு?"
இடது.
"ம். இப்போது சொல்கிறாய்."

மேட்டில் எனக்குக் கால் ஓய்ந்தது.
கைக்கு வேலை கொடுத்த அளவு
காலுக்குக் கொடுத்ததில்லை.
நிற்கப் போன பெடல்
என் பாதத்தைத் தூக்கிக்கொண்டு தானாகச் சுற்றியது.
பின்னால் அவள்
ஒன்றும் சொல்லாமல் மிதித்துக்கொண்டிருந்தாள்.

வாசலுக்குத் திரும்பியபோது
எலியேசர் முகத்தில் ரத்தமில்லை.
பக்கத்தில் ஒரு சிறுமி,
ஒரு கையில் அழுகையை நிறுத்தக் கொடுத்த மாங்காய்,
மறு கையில் கிழிந்து தொங்கும் ட்யூப்.
"நன்றாகக் கல்லு மாதிரி ஆகட்டும் என்றுதான் அடித்தேன்,
பட்டாசு மாதிரி..."

புது ட்யூபைப் போட ஆரம்பித்தேன்.
ஒர்லிந்தா கோலை விரித்துக்கொண்டே சொன்னாள்:
"ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கும்போதே கேட்டது.
சொன்னால் திரும்பிவிடுவாய் என்று
சொல்லவில்லை."