மூன்று எண்கள்

உதேனா நகரத்துப் பள்ளிக்கூட வேலியில்
நம் இரண்டு சைக்கிள்களுக்கும் ஒரே சங்கிலி,
ஒரே பூட்டு. மூன்று எண் பூட்டு.
அந்தத் திங்கட்கிழமை நீ எண்ணை மாற்றினாய்.
"நாளைக்குச் சொல்றேன் ருஸ்னே" என்றாய்.
நடந்தே வீட்டுக்குப் போனோம், சும்மா, சிரித்துக்கொண்டு.

செவ்வாய்க்கிழமை இயற்பியல் வகுப்பு பாதியில் நின்றது.
யாரோ கூப்பிட, ஆசிரியை
சாக்கட்டியைக் கீழே வைக்காமலே வெளியே போனாள்,
வைக்காமலே திரும்பி வந்தாள்.
அதற்குப் பிறகு அவள் சொன்னதில்
எனக்கு ஞாபகமிருப்பது சாக்கட்டி மட்டும்.

ரொட்டிக்கடை வரிசையில் என்னைக் கண்டதும்
எல்லோரும் ரொட்டியைப் பற்றிப் பேசினார்கள்.
நான் தள்ளிப் போனதும்
காதல் என்றார்கள்,
குடிகாரத் தகப்பன் என்றார்கள்,
நவம்பர் இருட்டு ஆளை விழுங்கும் என்றார்கள்.
உன் அப்பா குடிப்பதில்லை.
அது அக்டோபர்.

பனி வந்தது. இரண்டு சைக்கிள்களும்
ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து வெள்ளையாயின.
மணி அடித்ததும் தினம் ஐந்தாறு எண்கள்.
பூஜ்யம் பூஜ்யம் பூஜ்யத்திலிருந்து தொடங்கினேன்.
கையுறையைக் கழற்றினால் விரல் உலோகத்தில் ஒட்டிக்கொள்ளும்.
நடுவில் வரிசை தப்பி
உன் பிறந்தநாளைப் போட்டுப் பார்த்தேன்.
யாரும் பார்க்காதபோது என்னுடையதையும்.
திறக்கவில்லை.
வலித்தது. வலித்ததற்கு வெட்கமாக இருந்தது.

ஒருநாள் பூட்டை உதைத்தேன்.
உன்னைத்தான், தௌத்விதாஸ்.

மார்ச்சில் காவலாளி ஸ்தாசிஸ் பெரிய கத்தரியோடு வந்து
சங்கிலியை வெட்டினார்.
"இது எதுக்கு உனக்கு, குப்பை" என்றார் பூட்டைக் காட்டி.
வாங்கிக்கொண்டேன்.
இந்தப் பக்கம் நாலு கண்ணி, அந்தப் பக்கம் ஏழு,
நடுவில் அது மட்டும்
இறுக்க மூடிக்கொண்டு.

இப்போது எனக்கு முப்பத்து நாலு வயது.
உன்னை இரண்டு முறை வாழ்ந்தாயிற்று.
நீ தர வேண்டிய ஏழு லித்தாஸை
இனி நீ வந்தாலும் தர முடியாது,
அந்த நாணயத்தையே நாடு கைவிட்டுவிட்டது.

யாருக்கும் சொல்லாத ஒன்று:
அந்தத் திங்கள் மாலை நீ மறுபடி வந்தாய்,
என் ஜன்னலுக்குக் கீழே, கூடைப்பந்தோடு.
நான் கண்ணாடிக்குள்ளிருந்து
பாடப்புத்தகத்தைத் தூக்கிக் காட்டினேன்.
நீ தலையாட்டினாய்.
பந்து தட்டும் சத்தம்
தெருமுனை வரைக்கும் கேட்டது.
மறுநாள் பரீட்சை நடக்கவேயில்லை.

ஒவ்வொரு நவம்பர் இரண்டிலும்
கல்லறைத் தோட்டமெங்கும் மெழுகுவர்த்திகள்.
உன் அம்மா அல்தோனா பிளாஸ்க்கில் தேநீர் கொண்டுவருவாள்.
முதல் சில வருடங்கள் கேட்டாள்,
உன்னிடம் ஏதாவது சொன்னானா என்று.
பிறகு கேட்பதை விட்டுவிட்டாள்.
கேட்காதது இன்னும் கனமாக இருந்தது.
இந்த வருடம் ஜன்னலைச் சொல்ல வாயெடுத்து
பூட்டைச் சொன்னேன்.

அவள் வெகுநாள் கழித்துச் சிரித்தாள்.
"அவனுக்கு எந்த எண்ணும் நிற்காதே,
வீட்டு போன் நம்பரையே கையில் எழுதிக்கொண்டு போவான்.
சுலபமாத்தான் ஏதாவது வெச்சிருப்பான்."
கொஞ்சம் பொறுத்து,
"எது வரைக்கும் பார்த்திருக்கே?"

மொத்தமே ஆயிரம் எண்கள்.
ஒரு மதியம் போதும்.
அறுநூற்றுப் பதின்மூன்றில் நிறுத்தியது
நான்தான்,
திறந்துவிடுமோ என்று.

"இருநூறு" என்றேன்.

"அப்போ இன்னும் நிறைய இருக்கே" என்று
மூடியில் எனக்குத் தேநீர் ஊற்றினாள்,
கை நடுங்காமல்,
விளிம்பு வரைக்கும்.