நாற்பத்தொரு விநாடி

பிரான்சில் இரவு எட்டு மணி.
கல்லடியில் பன்னிரண்டரை.
ஃபேனை நிறுத்திவிட்டேன். அதன் இரைச்சல்
சப்பாத்துக் கிறீச்சிடுவதை விழுங்கிவிடும்,
எனக்கு அந்தக் கிறீச்சு வேண்டும்.
பந்து கைமாறுவது சில வேளை
கண்ணுக்கு முன் காதுக்குத் தெரிந்துவிடுகிறது.

ஒரு மெட்சுக்கு ஆயிரத்து எண்ணூறு ரூபாய்.
பிழை ஒன்றுக்கு நூறு கழிப்பார்கள்.
இதே வீடியோவை, இதே நேரம்,
சாய்ந்தமருதில் இருந்து இஃப்லால் பார்க்கிறான்.
இருவர் கணக்கும் ஒத்தால்தான் பட்டன் பச்சையாகும்.
இரண்டு வருடம், நாற்பது கிலோமீற்றர்.
அவன் முகம் கண்டதில்லை;
அவன் எதை அசிஸ்ட் என்று ஒத்துக்கொள்ளமாட்டான் என்பது தெரியும்.

மூன்றாம் குவாட்டர் முடியப் போகிறது.
வெள்ளை அணியின் நெட்டையனுக்கு நாலாவது ஃபவுல்.
பயிற்சியாளர் வாங்கின் கடைசியைப் பார்க்கிறார்.
பதினைந்தாம் இலக்கம், மசாம்பா,
எழும்புகிறான். ஜக்கெட்டின் சிப் சிக்கிக்கொண்டது,
பக்கத்தில் இருந்தவன் இழுத்துவிட்டான்.
அதற்கு நிரல் இல்லை.

உள்ளே வந்தான்.
ஒரு எறி, வளையத்தில் பட்டுத் திரும்பியது.
இரண்டு நீலச்சட்டைக்கு நடுவால் ஒரு கை,
கை என்றும் சொல்ல ஏலாது,
நடுவிரலும் மோதிர விரலும்,
பந்தை மூலைக்குத் தள்ளியது.
மூலையில் நாலாம் இலக்கம். பிடித்தான், கொடுத்தான்.
பதினோராம் இலக்கம் கோட்டுக்கு வெளியே நின்று எறிந்தான்.
மூன்று.
விசில். நெட்டையன் திரும்ப வந்தான்.
மசாம்பா ஜக்கெட்டைத் தேடினான்.

நான் போட்டது: றீபவுண்ட், பதினைந்து.
இஃப்லால் போட்டது: றீபவுண்ட், நாலு.
பட்டன் சிவப்பு.

«பட்டது மட்டும். எடுக்கல்ல.»
«பார்த்துத்தான் தட்டினான்.»
«எங்க பார்த்த? கண் மேல இரிக்கி.»
விதிப்புத்தகம் சொல்கிறது:
வேண்டுமென்று தட்டினால் தட்டியவனுக்கு,
தற்செயலாய்ப் பட்டால் எடுத்தவனுக்கு.
வேண்டுமென்று என்பதை எந்த ஃபிரேமில் தேட?
நாலே ஃபிரேம்.
தொடவில்லை. தொட்டது. தொட்டது. போய்விட்டது.
பதினொரு தரம் ஓட்டினேன்.
ஆறு தரம் அவன் மூலையைப் பார்த்தான்.
ஐந்து தரம் பார்க்கவில்லை.

எனது வலது சுண்டுவிரல் வளைந்தது.
வலய மட்டப் போட்டி, சீமெந்துத் தளம்,
இப்படித்தான் ஒரு பந்துக்குப் பாய்ந்தேன்.
ஸ்கோர் எழுதிய ரீச்சர் அந்த நேரம்
நெக்டோ போத்தலுக்கு மூடி திறந்துகொண்டிருந்தா.
தாளில் என் பெயருக்கு எதிரே ஃபவுல் இரண்டு, வேறொன்றுமில்லை.
இதை இஃப்லாலுக்குச் சொல்லவில்லை.
சொன்னால் விட்டுத்தருவான். அது கணக்கு அல்ல.

«சஹருக்குக் கூப்பிடுறாங்க. பத்து நிமிசத்தில வாறன்.»

பத்து நிமிடம் சிவப்போடு இருந்தேன்.
கடைசியில் பதினைந்தை அழித்து நாலு போட்டேன்.
பட்டன் மாறவில்லை.
திரும்ப ஏற்றினேன். சிவப்பு.
அங்கே, சோற்றுக் கையைக் கழுவாமல்,
மற்றக் கையால்
அவன் நாலை அழித்துப் பதினைந்து போட்டிருக்கிறான்.

சிரித்ததில் நாய் குரைத்தது.
«ஆராவது ஒராள் அசையாம இரிப்பம்.»
«ஆர்?»
«நீங்க இரிங்க.»
இருந்தேன்.
அவன் நாலுக்குத் திரும்பி வந்தான்.
பச்சை.

இப்படித்தான் போயிற்று மசாம்பாவின் றீபவுண்ட்,
இரண்டு பேரின் மரியாதைக்குள் விழுந்து.

எண்பத்தொன்று, எழுபத்தொன்பது. வெள்ளைக்கு வெற்றி.
தாளின் அடியில் அவன் வரி:
நாற்பத்தொரு விநாடி. புள்ளி பூச்சியம்.
றீபவுண்ட் பூச்சியம். அசிஸ்ட் பூச்சியம்.
பூச்சியம் பூச்சியமாய்ப் போய்க் கடைசி நிரலில்,
நாங்கள் தொட முடியாத, கணினி தானே கூட்டும் அந்த நிரலில்,
அவன் தளத்தில் நின்ற நேரம் அணி முந்திய கணக்கு:
கூட்டல் மூன்று.

வளைந்த விரலால் என்ரரைத் தட்டினேன்.
ஃபேனைப் போட்டேன்.