மூன்று ஏ

ஜெலுத்தோங்கில் நான் பார்க்கும் அடுக்குமாடியில்
நான்காம் மாடி கிடையாது.
மூன்று, அப்புறம் மூன்று ஏ, அப்புறம் ஐந்து.
நான்கு என்றால் சாவின் ஓசையாம் சீனர் காதுக்கு.
அதனால் ஓர் எழுத்து
எண்ணின் சட்டையை மாட்டிக்கொண்டு பொத்தானில் நிற்கிறது.
லிஃப்ட் பழுதுபார்ப்பவன் நான்.
பதினோரு வருடமாய் அதை அழுத்துகிறேன்,
ஒருநாளும் ஆறாம் மாடியில் கொண்டுபோய் விட்டதில்லை.

எழுத்தென்றால் அப்படித்தான் இருக்கும் என்று நம்பினேன்.

படிவம் ஒன்றில் சிக்கு நோராய்னி எக்ஸ் எழுதினார்.
விடை ஏழு.
வீட்டில் நோட்டு அட்டையில் குறித்துவைத்தேன்: எக்ஸ் என்றால் ஏழு.
மறுநாள் பன்னிரண்டு.
புதன்கிழமை வெறும் கால், அதுவும் கழித்தல் குறியோடு.
நேற்று ஏழு என்றீர்களே, என்று எழுந்து கேட்டேன்.
பின்வரிசைப் பரந்தாமன் பள்ளி முடியும்வரை
என்னை ஏழு என்றே கூப்பிட்டான்.

மலாயில் பெம்போலே ஊபா. தமிழில் மாறி.
மாரி என்றே என் காதில் விழுந்தது:
பெய்தால் பெய்யும்,
எவ்வளவு என்று முன்கூட்டிக் கேட்க முடியாது.

முப்பத்தொன்பதில் மின்னியல் தேர்வு எழுத வேண்டி
சௌராஸ்தா சந்தை மாடியில்
நான்கு வெள்ளிக்கு ஒரு பழைய கணக்குப் புத்தகம் வாங்கினேன்.
தமிழ்நாட்டில் அச்சடித்தது, கரையான் ருசி பார்த்தது.
"தெரியாத எண்ணை எக்ஸ் என்க."
அந்த என்க பிடித்துப்போனது.
அது கட்டளை இல்லை. கெஞ்சலும் இல்லை.
இப்போதைக்கு இப்படி வைத்துக்கொள்வோம் என்று
நாற்காலி இழுத்துப் போடுவதுபோல.

போன மாதம், இரவு இரண்டு மணி, கொட்டும் மழை.
மூன்று ஏ-வுக்கும் மூன்றுக்கும் நடுவே லிஃப்ட் நின்றுவிட்டது.
உள்ளே இருக்கும் தொலைபேசி எப்போதோ செத்தது.
மேலே இயந்திர அறையில் எடைகாட்டி மட்டும்
சிவப்பாய்: இருநூற்று நான்கு கிலோ.
தகட்டில் எழுதியிருக்கிறது, ஆளுக்கு அறுபத்தெட்டு.
உள்ளங்கையில் பேனாவால் எழுதினேன்,
அறுபத்தெட்டு எக்ஸ் சமம் இருநூற்று நான்கு.
வகுத்தேன்.
எக்ஸ் மூன்று!
முதல்முறையாய், யாரும் சிரிக்காமல்,
ஓர் எக்ஸ் என் கைக்குள் வந்து உட்கார்ந்தது.
மிஸ்டர் ஊய்க்குப் போன் போட்டேன். உள்ளே மூன்று பேர், பாஸ்.
எப்படித் தெரியும்?
கணக்கு, பாஸ்.

கைச்சக்கரம் சுற்றி இறக்கி
படி படியாய்த் தாவி வந்து கதவைப் பிளந்தேன்.
ஒரு பெண். ஒரு ஐஸ்பெட்டி.
பெட்டிக்குள் அரிசிப் பை, பாத்திரம், இஸ்திரிப்பெட்டி,
இடம் விட்ட மூலையிலெல்லாம் துணி.
மற்ற இரண்டு பேர் எங்கே, என்று அவளையே கேட்டேன்.
வெடுக்கென்று திரும்பித் தன் முதுகுப்பக்கம் பார்த்தாள்.
"வந்துட்டாங்களா?"

வகுத்ததில் பிழையில்லை.
எக்ஸ் ஆள் என்று நானாக நினைத்துக்கொண்டேன்.
அது எண். எத்தனை அறுபத்தெட்டு என்று கேட்டேன்,
மூன்று என்றது.
அவற்றுக்குக் கைகால் உண்டா, கதவு உண்டா என்று
நான் கேட்கவில்லை. அதுவும் சொல்லவில்லை.

ஐஸ்பெட்டியை இருவரும் சாய்த்துச் சாய்த்து
படிவழியே கீழே கொண்டுவந்தோம்.
தார்ப்பாய் போட்ட சின்ன லாரி, விளக்கு அணைத்து.
பட்டர்வொர்த்தா, ஈப்போவா, கேட்கவில்லை.
ஈரமான பத்து வெள்ளியை
என் கருவிப்பெட்டிமேல் வைத்துவிட்டு ஏறிக்கொண்டாள்.
மிஸ்டர் ஊய் மறுபடி: மூன்று பேரும் நலமா?
நலம், பாஸ்.

பதிவேட்டில், மீட்கப்பட்டவர் பெயர் என்றொரு கட்டம்.
எக்ஸ் என்க, என்று எழுதி
மழை விடக் காத்திருந்தேன்.

காலையில் பதின்மூன்று ஏ-யிலிருந்து ஓர் ஆள் இறங்கி வந்தான்,
சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தான்.
ராத்திரி லிஃப்டில் போனது யார், ஒரு பொம்பளைதானே?
கையை விரித்துக் காட்டினேன், மை இன்னும் அழியவில்லை.
மூன்று பேர், அண்ணே.
கணக்குப் போட்டே பார்த்துவிட்டேன்.