கதவின் உட்பக்கம்

கன்வஸ் வாங்கக் காசில்லாத மாசியில்
குசினி அலுமாரியின் கதவொன்றைக் கழற்றினேன்.
நான்கு திருகாணிகள். ஒன்று உருண்டு
ரேடியேட்டருக்குக் கீழே போய்விட்டது.
“வீட்டுக்காரன் கண்டால் கொல்லுவான்” என்றாய்.
கண்டால்தானே.

பார்க் எக்ஸ்டென்ஷனில் மூன்றாம் மாடி.
வெளியே இரும்புப் படிகளில் பனி உறைந்து
படி எது சறுக்கு எது என்று தெரியாத விடியல்.
பேக்கரியில் இரவு வேலை முடித்து வந்து
கட்டில் விளிம்பில் ஒரு சப்பாத்தைக் கழற்றியவன்
மற்றதை மறந்துபோனாய்.
“அப்பிடியே இரு” என்றேன்.
“எப்பிடி?”
“கேக்காமல் இரு.”

இருந்தாய் என்று சொல்ல முடியாது.
கைபேசியை நோண்டினாய். கொட்டாவி விட்டாய்.
முழங்காலைச் சொறிந்தாய், பிறகு மற்ற முழங்காலை.
புருவத்தில் ஒட்டியிருந்த மா மட்டும்
எனக்கு ஒத்துழைத்தது.

சேயோன்.
சிவந்தவன் என்று உனக்குப் பெயர் வைத்துவிட்டார்கள்,
என்னிடமோ சிவப்புத் தீர்ந்திருந்தது.
மண்ணிறத்தில் நீலம் தொட்டு, மஞ்சள் தொட்டு
உன் தோலைத் தேடிக்கொண்டிருந்தேன்.
கழுத்துக்கு வந்தபோது கிட்டத்தட்ட அகப்பட்டது.

அந்நேரம் பார்த்து வெயில்
எதிர்வீட்டுப் புகைபோக்கியைத் தாண்டி
உன் இடது காதுக்குப் பின்னால் வந்து நின்றது.
காது பற்றிக்கொண்டது.
உள்ளே ஓடும் ஒரு நரம்புகூடத் தெரிந்தது.
தீர்ந்த குழாயைக் கத்தரித்து விரித்தேன்.
மடிப்புக்குள் ஓர் அரிசியளவு மிச்சம்.
அவ்வளவையும் அந்தக் காதுக்கே கொடுத்தேன்.
உதட்டுக்கு இல்லாமல் போயிற்று.

கை கீறுமுன் சரிந்து தூங்கிவிட்டாய்.
அதனால் இடது கை இன்றைக்கும்
வெறும் பலகைதான்.

மத்தியானம் எழும்பி வந்து பார்த்தாய்.
“ஓட்டைச் சொக்ஸையுமா கீறினனீ?”
“பெருவிரல் தெரிஞ்சுது. கீறினன்.”
கனநேரம் நின்றாய்.
“நான் இவ்வளவு களைச்சா இருக்கிறன்?”
தூரிகை கழுவுகிற சாட்டில்
தண்ணீரைப் பெரிதாய்த் திறந்துவிட்டேன்.

சித்திரையில் பிரம்ப்டனிலிருந்து அம்மா கேட்டா என்று
ஸ்டூடியோவுக்குப் போனாய்.
என் கோட், யாரோ ஒருவரின் டை.
புருவத்துத் தழும்பை அவர்களே அழித்துக் கொடுத்தார்கள்.
கடன் கேட்க வங்கிக்குப் போனவன் போலிருந்தாய்.
அந்தப் படம் லண்டனில் ஒரு வீட்டுக்குப் பிடித்துப்போனது.

யூலை முதலாம் திகதி. மொன்றியலே வீடு மாறும் நாள்.
ஒழுங்கை முழுக்க மெத்தைகள், ஃபிரிட்ஜ்கள்,
நாற்காலிக்குள் தலைகீழாய் நாற்காலிகள்.
உன் மச்சானின் வான் ஹோர்ன் அடித்தது.
இரு.
அன்றைக்கு எவ்வளவு சுலபமாய்ச் சொன்னேன்.
படியில் நீ திரும்பிப் பார்த்தபோது
“பார்த்து இறங்கு” என்றேன்.
பனியே இல்லை.

மாலையில் வீட்டுக்காரர் ஸ்டாவ்ரோஸ்
கொப்பியோடு வந்து எண்ணினார்:
ஜன்னல் ஆறு, சாவி இரண்டு, அலுமாரிக் கதவு ஒன்று குறைவு.
கட்டிலுக்கடியிலிருந்து எடுத்துப் பூட்டிக் கொடுத்தேன்.
வெள்ளைப் பக்கம் வெளியே, நீ உள்ளே.
அவர் விரலால் தட்டிப் பார்த்து, சரி என்றார்.

இனி வருகிறவர்கள்
சீனிக்கோ தேத்தூளுக்கோ திறப்பார்கள்.
ஒற்றைச் சப்பாத்தோடு ஒருத்தன் இருப்பான்,
ஒரு காது மட்டும் எரிய.
பயப்படுவார்களோ, பெயின்ற் அடித்துவிடுவார்களோ,
தெரியாது.

மூடும்போது கதவு கொஞ்சம் ஆடும்.
மூன்று ஆணிதான்.